ராத்திரி எத்தனை தடவை?

"வயசானா அப்படித்தான்." அப்பா ராத்திரியில் நாலைந்து தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கிறார் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வந்த பதில் இதுதான். மெடிக்கல் ஸ்டோர்காரர் சொன்னார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். அப்பாவோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன கூட்டாளிகள் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவே சொன்னார்: "எழுவது தாண்டியாச்சுல்லா மக்களே, இனி இப்படித்தான்." எனக்குத்தான் அந்தப் பதில் இறங்கவே இல்லை. அது பொய்யும் இல்லை. சின்ன வயதில் ராத்திரி ஆனதும் உடம்பு வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். வயது ஏற ஏற அந்த ஏற்பாடு தளர்ந்து போகிறது. மூத்திரப்பை பழையபடி பிடிப்பதில்லை, தூக்கமும் மெலிகிறது, ஆண்களுக்குப் பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்குகிறது. எல்லாம் சரிதான். ஆனால் "அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் தேடுவதில்லை. அப்பா விஷயத்தில் தேட வேண்டிய இடம் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத இடத்தில் இருந்தது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலைக்காலத்தில் பெரும்பகுதி நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரூட். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று நெரிசலில் நின்றபடியே போய், நின்றபடியே வருவது. அந்தக் கால்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மூத்திரத்தை அடக்குவதில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு. "தம்பானூர்ல எறங்குன பெறவுதான் நமக்குப் போக்கு" என்பார், திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தைச் சொல்லி. அப்படிப்பட்ட மனுசர் ரிட்டயர் ஆகிச் சில வருடங்களில், ராத்திரி பத்துக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குள் எழுந்து, அப்புறம் இரண்டுக்கு, மூன்றரைக்கு, ஐந்தரைக்கு என்று வீட்டுக்கும் புறவாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம், பழைய ஓட்டு வீடு. கக்கூஸ் வெளியே இருக்கிறது. அடுக்களை வாசலைத் திறந்து, இரண்டு படி இறங்கி, கிணற்றடியைத் தாண்டிப் போக வேண்டும். நம் ஜில்லாவுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் அந்தப் படியில் பாசி பிடித்துக் கிடக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் இப்படி ராத்திரி இறங்கி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதற்கப்புறம் எழுந்து நடமாடவே இல்லை. ராத்திரி மூத்திரத்தை ஒரு தொந்தரவு என்ற அளவில்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வயதானவர்களுக்கு அதில் இருக்கும் பெரிய ஆபத்து அந்த இருட்டு நடைதான்.

அம்மாவின் தூக்கம் யார் கணக்கிலும் வரவில்லை. அப்பா திரும்பி வந்து கட்டில் கிரீச்சிடும் வரை அவள் விழித்துத்தான் கிடப்பாள். அடுக்களைக் கதவின் கொண்டி விழும் சத்தம், கிணற்றடியில் செருப்பு இழுபடும் சத்தம், வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், மறுபடி கொண்டி. அப்பாவாவது படுத்ததும் உறங்கிவிடுவார். அம்மாவுக்கு அரை மணிக்கூர் ஆகும், அதற்குள் அடுத்த நடை வந்துவிடும். பகலில் அவள் பேச்சில் ஒரு எரிச்சல் வந்திருந்தது. மீன்காரியிடம் சண்டை, பேரப்பிள்ளைகளிடம் சள்ளென்று விழுவது. வயசுக் கோளாறு என்று அதையும் வயதின் தலையிலேயே கட்டினோம்.

தண்ணியும் கஞ்சியும்

வீட்டில் முதலில் போட்ட சட்டம், ஆறு மணிக்குமேல் தண்ணி கிடையாது என்பது. மஸ்கட்டிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் போட்டது. கண்டக்டர் ஆனதாலோ என்னவோ, சட்டம் என்றால் அப்பா அப்படியே பிடித்துக்கொள்வார். ஆறு மணிக்குமேல் மாத்திரைக்கு அரைத் தம்ளர், அவ்வளவுதான். மூத்திரம் மஞ்சளாகி எரிச்சல் கண்டது, மலச்சிக்கல் வந்தது, உதடு வெடித்தது. ராத்திரி நடை மட்டும் குறையவில்லை. இதில் வினோதம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் அடர்ந்து பையை உறுத்தும், உறுத்தினால் முட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்து வடிகிற உடம்புக்குத் தண்ணீரை மறுப்பது கல்லடைப்புக்கு வெற்றிலை பாக்கு வைப்பதும்கூட. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குடிப்பதைக் குறைப்பதில் நியாயம் உண்டு. அந்தத் தண்ணீரைக் காலையிலும் மதியத்திலும் ஈடுகட்டிவிட வேண்டும்.

அதைவிட வேடிக்கை, தண்ணீரைத் தடுத்த வீட்டில் கஞ்சியை யாரும் தடுக்கவில்லை. எட்டரை மணிக்கு ஒரு சருவம் நிறைய சூட்டுக் கஞ்சி, உப்புப் போட்டது. தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, மாங்காய் அச்சாறு, சிலநாள் பயறு. கஞ்சித் தண்ணி தண்ணீர்க் கணக்கில் வராது என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. மழைக்காலத்தில் ஒன்பது மணிக்கு ஒரு சுக்குக் காப்பி வேறு, "சளிக்கு நல்லது" என்று. அதுவும் கணக்கில் வராது.

அடுத்து புரோஸ்டேட். எழுபது வயது ஆண் ராத்திரி எழுந்திரிக்கிறார் என்றால் எல்லாருடைய விரலும் அங்கேதான் நீளும். ஸ்கேன் எடுத்ததில் கொஞ்சம் பெரிதாக இருந்ததும் உண்மை. மூத்திரம் வரத் தாமதம், இழை மெலிவு, முடித்தபின் சொட்டு, எல்லாம் அவருக்கு இருந்தது. டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள். இழை நன்றாக வந்தது, முக்கிக்கொண்டு நிற்பது போயிற்று. ராத்திரிக் கணக்கில் மாற்றமில்லை. கூடவே ஒரு ராத்திரி கட்டிலைவிட்டு எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தார். அந்த வகை மாத்திரை சிலருக்கு எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கிவிடும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை கேட்கவில்லையே, ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்ற பேச்சு அதற்குள் எழுந்துவிட்டது. இத்தனைக்கும் நாங்கள் போன இடத்திலெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி எத்தனை தடவை?"

சிவப்புப் பெயின்ட் அடித்த ஜாடி

கேள்வி மாறியது ஒரு பொது மருத்துவரிடம். உண்மையில் அம்மாவின் முட்டுவலிக்காகப் போயிருந்தோம். அப்பா கூட வந்திருந்தார், பேச்சுவாக்கில் இதையும் சொன்னார். மருத்துவர் எத்தனை தடவை என்று கேட்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுது?" என்றார். அப்பா முழித்தார். நானும்தான். யாராவது அளந்து பார்ப்பார்களா என்ன?

அளந்து பார்க்கத்தான் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, என்ன குடித்தார், எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், இவ்வளவும் மூன்று நாள் எழுதச் சொன்னார். உலகம் முழுக்கச் சிறுநீரக மருத்துவர்கள் கேட்கிற சாதாரணக் குறிப்பேடுதான் இது. செலவு என்று பார்த்தால் அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. அடுக்களை ஜாடியை எடுக்கப்போனதற்கு அம்மா ஆடிய ஆட்டத்தை இங்கே எழுத முடியாது. திங்கள்சந்தையிலிருந்து தனியாக ஒன்று வாங்கிவந்து, அது தப்பித் தவறிக்கூட அடுக்களைக்குள் வந்துவிடக்கூடாது என்று கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துவைத்தாள்.

நான் பயந்தது போல அப்பா வெட்கப்படவில்லை. பழைய வேலை திரும்பிக் கிடைத்துவிட்ட உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. கண்டக்டர்கள் டிக்கெட் கணக்கு எழுதும் வேபில்லில் இருந்த அதே கையெழுத்து, அதே சாய்வு. நேரத்தை 23:50 என்று இருபத்துநாலு மணிக் கணக்கில்தான் எழுதினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டிப் போட்டு, இரண்டு கோடு இழுத்து, கையெழுத்து வேறு. அதில் ஒரு நாளை, மருத்துவர் திருத்தியபடி தருகிறேன். பகலில் 150, 130, 180, 140, 110, படுக்கும்முன் 120. கூட்டினால் 830 மில்லி. ராத்திரி 23:50க்கு 350, 01:55க்கு 320, 03:40க்கு 260, காலை 05:30க்கு 220. கூட்டினால் 1,150.

காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தை ராத்திரிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது ராத்திரி ஊறியது. அப்பா அதைப் பகலில் சேர்த்திருந்தார், மருத்துவர் பேனாவால் வட்டம் போட்டு மாற்றினார். மொத்தம் 1,980 மில்லியில் 1,150. பாதிக்கும் மேலே. வயதானவர்களுக்கு ஒரு நாள் மூத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனாலே அது கூடுதல் என்கிறது மருத்துவக் கணக்கு. அப்பாவுக்கு ஏறக்குறைய 58 சதவீதம்.

"முந்நூற்றம்பது மில்லி பிடிக்கிற பையைக் குத்தம் சொல்ல முடியாது. பையில ராத்திரி வந்து சேர்றதுதான் அதிகம். அது எங்கேருந்து வருதுன்னு பாப்போம்" என்றார் மருத்துவர். அப்புறம் குனிந்து அப்பாவின் வேட்டியை முழங்கால் வரை தூக்கச் சொன்னார். முன்னெலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி, மெல்ல எடுத்தார். அழுத்திய இடத்தில் ஒரு குழி. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், குழி நிரம்பவே இல்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிப் புடைத்திருப்பது சின்ன வயதிலிருந்தே நான் பார்த்தது. கண்டக்டர் காலென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு "அப்படித்தான்".

கதை இதுதான். காலில் ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் குழாய்களின் வால்வுகள் தளர்ந்துபோனால், பகல் முழுக்க நிற்கையிலும் உட்கார்கையிலும் நீர் ரத்தத்திலிருந்து கசிந்து கணுக்காலிலும் கெண்டையிலும் தேங்கும். சாயங்காலம் செருப்பு இறுகும், பாதத்தில் வார்த் தடம் பதியும். ராத்திரி படுத்ததும் கால் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. தேங்கிய நீர் மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ரத்தத்தில் நீர் கூடினால் சிறுநீரகம் சும்மா இருக்குமா, அதை வெளியே தள்ளுகிறது. அப்பா ஆறு மணிக்குமேல் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், ராத்திரிக்கான தண்ணீரைப் பகலிலேயே காலில் சேர்த்துவைத்துக்கொண்டுதான் படுத்தார்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பிரஷருக்கு அவர் வருடக்கணக்காகச் சாப்பிட்டுவந்தது அம்லோடிபின். நல்ல மாத்திரைதான், எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். கால் வீங்குகிறது என்றால் முதலில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்தாக வேண்டும். ஈசிஜி, எக்கோ, கிரியாட்டினின், சர்க்கரை எல்லாம் எடுத்தார்கள். இதயம் ஒழுங்கு, சிறுநீரகம் ஒழுங்கு, சர்க்கரை எல்லையில். ரத்தச் சர்க்கரை சுமார் 180 தாண்டினால் அது மூத்திரத்தில் இறங்கித் தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படி இருந்தால் பகல், ராத்திரி இரண்டு கணக்கும் ஏறும். அப்பாவின் நோட்டில் பகல் கணக்கு ஏறவில்லை என்பதே ஒரு தடயமாக இருந்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் இவ்வளவு படிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கருவாடு மதியத்துக்குப் போனது

மருத்துவர் பிரஷர் மாத்திரையை மாற்றினார். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், பிரஷர் ஏறி வேறு எங்காவது கொண்டுபோய் விடும். மூத்திரம் பிரிக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதை எந்த நேரத்தில் போடுகிறோம் என்று மட்டுமாவது கேட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க நடைதான். கால் வீக்கம் உள்ள சிலருக்கு அதையே மதியத்துக்கு மேல் கொடுத்து, படுக்கும்முன் நீரை வடித்துவிடும் வழியும் உண்டு. அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னார்கள். காலில் தேங்கிய நீர் பகலிலேயே வடிந்து நாலு மணிக்குள் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. சாயங்காலம் ஜங்ஷன் வரை நடை. கெண்டைத் தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தை மேலே பிழிந்து விடுகிறது, உட்கார்ந்து டிவி பார்க்கையில் அந்த வேலை நடப்பதில்லை. இறுக்கமான காலுறையும் எழுதிக் கொடுத்தார்கள். குமரி மாவட்டத்து வெக்கையில் அதை முழங்கால்வரை இழுத்து மாட்டிக்கொண்டு நடக்க ஒரு தவசி வேண்டும். அப்பா கொஞ்ச நாள் மாட்டினார், அப்புறம் அது கொடியில் காய்ந்தது.

பெரிய போராட்டம் உப்போடுதான். 2017-இல் ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உப்பு அதிகம் சாப்பிட்டு, தூக்கமும் கெட்டுப்போன முந்நூற்றுச் சொச்சம் பேரை உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்க முடிந்தவர்களிடம் ஒரு நாள் உப்பு சராசரியாக 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு வந்தது. ராத்திரி எழுவது 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. குறைக்கச் சொல்லியும் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கு 2.3 தடவை 2.7 ஆக ஏறியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன். கஞ்சியில் ஒரு கல் உப்பு, கருவாட்டில் ஒரு கைப்பிடி, அச்சாறில் இன்னொரு கை, சுட்ட பப்படத்தில் மிச்சம் என்று ஓடுகிற வீட்டில் அந்த ஒரு ஸ்பூன் ராத்திரி ஒரு வேளையிலேயே தீர்ந்துவிடும். உப்பு உள்ளே போனால் அதைக் கரைத்து வைக்கத் தண்ணீரும் உடம்பில் தங்கும். காலில் தேங்குவதும் கூடும்.

"கருவாடு இல்லாம கஞ்சி எறங்குமா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. கடைசியில் கருவாடு மதியத்துக்குப் போனது, அதுவும் எப்போதாவது. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது, கஞ்சிக்குப் பதில் பெரும்பாலும் இட்லியோ சப்பாத்தியோ. சுக்குக் காப்பி நாலு மணிக்கு. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. மாத்திரை மாறியதும் சில வாரத்தில் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது, அதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

முதல் உறக்கம்

அப்பா இப்போதும் ராத்திரி எழுகிறார், பெரும்பாலும் இரண்டு தடவை. கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். "நாலு இருந்தது ரெண்டாச்சு, இதுக்கா இவ்வளவு?" என்று அண்ணனே கேட்டான். தடவைகளை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு ராத்திரியின் முதல் பகுதியில்தான் வருகிறது. முன்பு அப்பாவின் முதல் உறக்கம் இரண்டு மணி நேரம்கூட முழுதாக ஓடியதில்லை. இப்போது பத்துக்குப் படுத்தால் இரண்டு மணி சுமாருக்கு முதல் எழுச்சி. அந்த நாலு மணி நேரம்தான் ஆளை மாற்றியது. பேப்பர் படிக்கும்போது சாய்ந்து தூங்கி விழுவதில்லை, மருந்து போட்டோமா இல்லையா என்று தடுமாறுவதில்லை. காலையில் அம்மாவிடம் வம்பிழுக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

மூன்றரை மணி எழுச்சி மட்டும் போகவில்லை, அது வேறு கதை. கொஞ்ச நாள் கழித்து மறுபடி நோட்டு எழுதியபோது அந்த நேரத்து அளவு 80, 90 என்று இறங்கியிருந்தது. அந்த 80 மில்லிக்கு உடம்பு எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் ட்ரிப்புக்காக இத்தனை வருஷம் மூன்றரைக்கு எழுந்த உடம்பு அந்த நேரத்துக்கு விழிக்கிறது. விழித்துவிட்டோமே, போய்விட்டு வந்துவிடுவோம் என்று போகிறார். முட்டியதால் விழிப்பதும், விழித்ததால் போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்து வேறு வேறு. விழித்ததால் போகிறவருக்கு மூத்திரப்பை மாத்திரை கொடுத்து என்ன பிரயோஜனம்? சாயங்காலம் சீக்கிரமே படுக்கையில் சாயாமல் இருப்பது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, விழித்ததும் போனைத் தொடாமல் இருப்பது என்று அது தூக்கத்தின் பக்கம் சரிசெய்ய வேண்டியது. இங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல். மதியம் காலைத் தூக்கிவைத்துப் படு என்கிறது கால், பகலில் தூங்காதே என்கிறது தூக்கம். படுத்தால் அப்பா உறங்கிவிடுவார். அதற்குத்தான் ரேடியோ. காலைத் தலையணையில் போட்டுவிட்டு அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள், அவர் "கொறை கொறை" என்பார்.

என் மாமாவுக்கு இதே தொந்தரவு, காரணம் இன்னொன்று. பயங்கரக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பார். மூச்சுக்குழாய் அடைபட்டு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனை அவை சுரக்கின்றன, பை நிரம்புகிறது. தூக்கத்தில் மூச்சு கொடுக்கும் சிபேப் மெஷின் மாட்டியதும் அவருடைய ராத்திரி நடை குறைந்தது. மூத்திரத்துக்கு மூக்கில் மெஷினா என்று சிரித்தவர்களில் அப்பாவும் உண்டு. ராத்திரி மூத்திரத்தைக் குறைக்க டெஸ்மோபிரசின் என்று நேரடி மருந்தும் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டியது. கடையில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை. மூத்திரத்தில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், முட்டியும் ஒரு சொட்டு வராமல் அடைப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இதில் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பாசிப் படிக்கு இப்போது ராத்திரியில் வேலை இல்லை. கட்டிலடியில் யூரின் பாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறோம். "ஆஸ்பத்திரியில கெடக்கவன் மாதிரியா?" என்று அப்பா தூக்கி எறிவார். கணக்கு எழுதவென்று சிவப்புக் கைப்பிடி ஜாடி அறைக்குள் வந்தது. கணக்கு முடிந்த பிறகும் அது வெளியே போகவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சுவரில் ஒரு ஜீரோ வாட் பல்பு மட்டும் மாட்டினோம், வெள்ளை வெளிச்சம் போட்டால் மிச்சத் தூக்கமும் கலைந்துவிடும் என்பதால்.

கொண்டிச் சத்தம் நின்றது அம்மாவுக்கு நல்லது என்று நினைத்தேன். முதல் சில வாரம் அவள் பழக்கத்தில் இரண்டு மணிக்கு விழித்து, அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாளாம். இப்போது உறங்குகிறாள். மீன்காரியோடு சண்டை மட்டும் குறையவில்லை, ஆகவே அது தூக்கத்தால் வந்ததில்லை என்று ஒதுக்கிவிட்டோம். போன வாரம் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே, "அவியளுக்கு நோட்டு, ஜாடி எல்லாம் வாங்கிக் குடுத்திய. எனக்கு இருமுனா, தும்முனா ஒண்ணுக்குப் போயிரும். கல்யாண வீட்டுக்குப் போறண்ணைக்குக் காலையிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன். அதுக்கு ஏதாம் வழி உண்டா?" என்றாள். எவ்வளவு நாளாய் என்று கேட்டேன். "உன் தம்பி பொறந்ததுலேருந்து" என்றாள். தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. பிரசவத்தில் தளர்ந்த தசைகளுக்குப் பயிற்சி உண்டு, சிகிச்சையும் உண்டு என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அப்பா பழைய நோட்டில் மிச்சமிருக்கிற தாள்களுக்கு இப்போதே கோடு போட்டுவைத்திருக்கிறார்.